மைனஸ் நாற்பது டிகிரி

எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு கார் இருக்கிறது. இருவர் பெரம்பலூரிலும் ஒருவர் அரியலூரிலும் வசிக்கிறோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மாதம் இருமுறை நடக்கும் எங்கள் வாசிப்புக் கூட்டத்திற்காகவும், எப்போதாவது திருச்சிக்குப் புத்தகம் வாங்கப் போவதற்காகவும், 2014ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். செலவில் மூன்றில் ஒரு பங்கு, ஓட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு, பெருமையிலும் மூன்றில் ஒரு பங்கு என்று ஆரம்பத்திலேயே பேசி முடித்துக்கொண்டோம். பழியைப் பங்கிடுவது பற்றி மட்டும் அன்று யாரும் பேசவில்லை. இக்கட்டுரையை 'நாங்கள்' என்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

காரைக் கவனித்துக்கொண்டவர் பெரம்பலூரின் விளிம்பில் ஒரு வேப்ப மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். ஐம்பது வயதைக் கடந்தவர். அம்பாசடர் காலத்தில் தொழில் கற்றவர். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதிப் பார்ப்பதும், சி.பி. பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைப்பதும், நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து மறுமுனையை என்ஜினில் ஊன்றி எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று சொல்வதும் அவருக்குக் கைவந்தவை. அந்த அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுபோனது. எங்கள் கார் உற்பத்தியானதும் அதே ஆண்டில்தான். அவர் கற்ற உலகம் முடிந்த வருடத்தில் பிறந்த ஒரு வண்டியைத்தான் அவரிடம் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

2023 ஏப்ரல் இறுதியில் அவர் காரின் குளிர்நீரை மாற்றி, ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரமே டாஷ்போர்டில் என்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. சூடாக இருக்கும்போது நிறுத்திய வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் நாலைந்து முறை முரண்டு பிடித்தது. புகையில் பெட்ரோல் வாடை. எல்லாவற்றுக்கும் மேலாக, ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தக் காரில் வெப்பமானி முள் கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரியவில்லை. ஆனாலும் விசிறி ஓடுகிறதே!

எங்களில் ஒருவர் கணினியோடு பழக்கமுள்ளவர். ஸ்டீரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, பதினாறு முனைகள் கொண்ட ஒரு துவாரம் இருக்கிறது, அதில் ஒரு சிறு கருவியைச் செருகி யூ.எஸ்.பி. வழியாக மடிக்கணினியில் இணைத்தால் வண்டி தன் நோயைத் தானே சொல்லும் என்றார். ஆயிரம் ரூபாய்க்குள் அந்தக் கருவியை வரவழைத்தோம்.

அந்தத் துவாரத்தின் கதை சுவாரஸ்யமானது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய வாகனப் புகையிலிருந்து தொடங்குகிறது அது. புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள் ஓட்டுநருக்குத் தெரியாமலே பழுதடைந்துவிடும் என்பதால், வண்டியே தன்னைக் கண்காணித்து எச்சரிக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் 1988ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து விதித்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ஒரே வடிவத் துவாரமும் ஒரே குறியீட்டு மொழியும் கட்டாயமாயின. ஓபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த ஏற்பாடு, இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் படியாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியாகவும் வந்தது. ஆகவே அந்த மஞ்சள் விளக்கு முதலில் கவலைப்படுவது காரின் உரிமையாளரைப் பற்றியல்ல, பின்னால் வருபவரின் நுரையீரலைப் பற்றி.

நாங்கள் வாங்கிய கருவிக்குள் இருந்ததும் ஒரு நகல்தான். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம், காரின் மொழியைக் கணினியின் மொழிக்கு மாற்றும் எல்ம் 327 என்ற சில்லை உருவாக்கியது. முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டுவிட்டார்கள். உலகெங்கும் நகல்கள் பெருகின. மூல நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது; நகல்கள் இன்றும் விற்பனையாகின்றன. மூலம் அழிந்து பிரதிகள் வாழ்வது நம் ஓலைச்சுவடி மரபுக்குப் புதிதல்ல என்று அன்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

அந்தச் சிரிப்போடுதான் மடிக்கணினியை இணைத்தோம். சில நொடிகளில் திரையில் ஒரு குறியீடு வந்தது: பி-0118. முதல் எழுத்து, பழுது என்ஜின் சார்ந்தது என்கிறது. அடுத்துள்ள சுழியம், இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்கிறது. அதற்கடுத்த ஒன்று, எரிபொருளும் காற்றும் அளக்கப்படும் பகுதியைச் சுட்டுகிறது. கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட பழுதின் எண். பக்கத்திலேயே ஆங்கிலத்தில் விளக்கமும் இருந்தது. தமிழில் சொன்னால், 'என்ஜின் குளிர்நீர் வெப்பநிலைச் சுற்று, உயர் உள்ளீடு'.

நாங்கள் மூவரும் வாசிப்பைத் தவமாகச் சொல்லிக்கொள்பவர்கள். ஒரு கவிதையில் ஒரு வேற்றுமை உருபு மாறினால் பொருள் எப்படிச் சாய்கிறது என்று இரண்டு மணி நேரம் வாதாடியிருக்கிறோம். அந்த நாங்கள் இந்த ஒற்றை வரியை 'குளிர்நீரின் வெப்பநிலை உயர்ந்துவிட்டது' என்று வாசித்தோம். நடுவில் இருந்த 'சுற்று' என்ற சொல்லை மூன்று ஜோடிக் கண்களும் தாண்டிச் சென்றன. விசிறி ஓடுகிறது, குளிர்நீர் போன வாரம்தான் மாற்றப்பட்டது, கணினி 'உயர்' என்கிறது. இனி என்ன வேண்டும்? மெக்கானிக் குளிர்நீர் ஊற்றும்போது குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார், என்ஜின் கொதிக்கிறது என்று முடிவு கட்டினோம்.

மறுநாள் மடிக்கணினியோடு பட்டறைக்குப் போனோம். அவர் பானட்டைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தார். கீழ் ஹோஸையும் பிடித்தார்.

"சூடு ஏறலைங்க சார். ஏறியிருந்தா கைக்குத் தெரியும்."

"அண்ணே, இது கம்ப்யூட்டர் சொல்றது. ஏர் லாக் ஆயிருக்குமோ?"

"ஏர் எல்லாம் எடுத்துட்டுத்தான் சார் மூடினேன். வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, பாக்குறேன்."

நாங்கள் விட்டுவிட்டுப் போகவில்லை. கணினி சொல்வதைக் கையால் மறுக்கும் ஒருவரிடம் எதற்காக விட வேண்டும்? திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினோம். ஆங்கில எழுத்துகளை ஒரு கணம் பார்த்துவிட்டு, கைகளை பனியன் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியிடம் போய்விட்டார்.

அன்று மாலை டீக்கடையில் எங்களில் ஒருவர், அவருக்கு வயதாகிவிட்டது, புது வண்டிகள் அவருக்குப் பிடிபடவில்லை, குளிர்நீர் மாற்றத் தெரியாமல் என்ஜினைக் கெடுத்துவிட்டார் என்று சொன்னார். மற்ற இருவரும் தலையாட்டினோம். பக்கத்து பெஞ்சில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் அந்தப் பட்டறையின் நெடுநாள் வாடிக்கையாளர். அடுத்த சர்வீஸுக்கு அவர் தன் காரைத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அந்தச் சொற்களைச் சொன்னது எங்களில் யார் என்பதை எழுதப்போவதில்லை. சொன்னது ஒரு வாய், ஆமோதித்தவை இரண்டு தலைகள். ஆகவே சொன்னது நாங்கள்தான்.

அடுத்த ஞாயிறு காலை மறுபடி மடிக்கணினியை இணைத்தோம். இம்முறை நோக்கம் வேறு. வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்பதை எண்ணாகப் பதிவு செய்து அவர் முன் சான்றாக வைக்க வேண்டும். மென்பொருளில் குறியீடுகளைத் தவிர, உணரிகள் அந்தந்தக் கணத்தில் சொல்வதை எண்களாகக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. முதல் நாள் அதைத் திறந்து பார்க்க எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. இப்போது திறந்தோம். என்ஜினுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை 34 டிகிரி. குளிர்நீரின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி.

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே வாசல் திண்ணையில் கால் வைக்க முடியவில்லை. எங்கள் ரேடியேட்டருக்குள் சைபீரியக் குளிர்காலம்! இருபது நிமிடம் என்ஜினை ஓடவிட்டோம். பானட் கொதித்தது. விசிறி இரைந்தது. எண் அசையவில்லை.

செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒன்றாகச் சந்திக்கும் புள்ளி மைனஸ் 40 என்பது பள்ளியில் படித்தது. ஆனால் இங்கே அதற்கு வேறு காரணம் இருந்தது. காரின் கணினி வெப்பநிலையை 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக அனுப்புகிறது. பெறுபவர் அதிலிருந்து நாற்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். உறைகுளிரையும் சொல்ல வேண்டுமே, அதற்காக. ஆகவே மைனஸ் 40 என்று திரை காட்டினால், வந்த எண் சுழியம். அந்த அளவுகோலில் அதற்குக் கீழே சொல்வதற்கு எதுவும் இல்லை.

அதன்பிறகுதான் உணரி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுமையாகப் படித்தோம். குளிர்நீரில் நனைந்திருக்கும் அந்தச் சிறு உலோகக் குமிழுக்குள் இருப்பது ஒரு மின்தடை. சூடு ஏற ஏற அதன் தடை குறையும், குளிர்ந்தால் கூடும். காரின் கணினி அதற்கு 5 வோல்ட் அழுத்தத்தைத் தன்னிடமுள்ள இன்னொரு தடை வழியாக அனுப்பி, நடுவில் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று அளக்கிறது. என்ஜின் சூடாக இருந்தால் அழுத்தம் தாழ்ந்திருக்கும். குளிர்ந்திருந்தால் உயர்ந்திருக்கும். கம்பியே அறுந்துவிட்டால் தடை முடிவற்றதாகிவிடும். 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கணினி அதை, இருக்கக்கூடிய குளிரிலெல்லாம் பெருங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். 'உயர் உள்ளீடு' என்றால் உயர்ந்த மின்னழுத்தம். அந்த வரியில் 'உயர்' என்பதன் பொருள் குளிர். நாங்கள் தாண்டிப்போன 'சுற்று' என்ற சொல்தான் அதைச் சொல்வதற்காக அங்கே நின்றிருந்தது.

மற்றவையெல்லாம் தாமாக விளங்கின. என்ஜின் குளிர்ந்திருப்பதாக நம்பிய கணினி, விடியற்காலையில் ஸ்டார்ட் செய்வதுபோல பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றியிருக்கிறது. அதனால்தான் புகையில் வாடை. அதனால்தான் சூடான என்ஜின் முரண்டு பிடித்தது. உணரியை நம்ப முடியாது என்று தெரிந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று விசிறியை நிரந்தரமாக ஓடவிட்டிருக்கிறது. அந்தத் தற்காப்பைத்தான் நாங்கள் குற்றத்தின் சான்றாக எடுத்துக்கொண்டோம். சூடு ஏறவில்லை, கைக்குத் தெரியும் என்று அவர் சொன்னது முழுக்க உண்மை. மடிக்கணினி சொன்னதும் முழுக்க உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவே உட்கார்ந்து பொய்யை உண்டாக்கியவர்கள் நாங்கள்.

அன்று மதியமே பட்டறைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமையானாலும் ஒரு டெம்போவின் கிளட்ச்சைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீக்கடைப் பேச்சு அவர் காதுக்கு வந்திருந்தது என்பதை அவர் எங்களைப் பார்த்த விதத்திலேயே தெரிந்துகொண்டோம். மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை வழியில் மூன்று பேரும் தனித்தனியாகத் தயாரித்திருந்தோம். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"வண்டியை நிழல்ல போடுங்க. அது என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க."

மைனஸ் 40 என்றோம். உயர் என்றால் குளிர் என்பதை விளக்க ஆரம்பித்தபோது, "அப்ப லைன் கட்டு" என்று முடித்துவிட்டார். பானட்டைத் திறந்து உணரியின் இணைப்பைக் கழற்றினார். திரையில் மைனஸ் 40. ஒரு சிறு வயர்த் துண்டை எடுத்து, கழற்றிய இணைப்பின் இரு முனைகளையும் ஒன்று சேர்த்தார். "இப்ப?" மைனஸ் 40. "சென்சார் நல்லா இருக்கு" என்றார். கம்பி நன்றாக இருந்து உணரி கெட்டிருந்தால், இரு முனைகளும் சேர்ந்ததும் எண் உச்சிக்குப் போயிருக்க வேண்டும். எண் நகராததால் கோளாறு இந்த முனைக்கும் கணினிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்களிடம் விட்டிருந்தால் புது உணரி ஒன்றை வாங்கி மாட்டியிருப்போம். அதுவும் மைனஸ் 40 என்றே சொல்லியிருக்கும். அது போலி உணரி என்று வேறொரு கடைக்காரரைப் பழித்திருப்போம்.

பெட்டிக்குள் ஓடும் கம்பிக் கற்றையில் எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போது எங்களில் ஒருவர் மென்பொருளில் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். பழுது பதிவாகும் அந்தக் கணத்தில் வண்டியின் நிலை என்ன என்பதைக் கணினி ஒரு சட்டகமாக உறையவைத்துச் சேமிக்கிறது. ஒருவகையில் அது ஒரு புதைபடிவம்.

இதை அரியலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிமெண்டுக்காக அங்கே வெட்டப்படும் சுண்ணாம்புப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் மிச்சம். சுருள் சங்கு போன்ற அம்மோனைட் படிவங்கள் அவற்றில் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் கல்மரத்திற்கு ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் வயது என்கிறார்கள். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி எழுதும்வரை அது பார்ப்பவர்களுக்கு ஒரு நீளமான கல்லாகவே இருந்திருக்கும். படிவம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அந்தக் கல்லில் கடலைப் பார்ப்பதற்கு வேறொரு பழக்கம் வேண்டியிருக்கிறது.

எங்கள் உறைந்த சட்டகத்தில் இருந்த எண்களை வாசித்தோம். என்ஜின் ஸ்டார்ட் ஆகி 26 நிமிடம். வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர். எங்களுக்கு அவை எண்கள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அன்னைக்கு இங்கிருந்து அரியலூர்தானே போனீங்க? இருபத்தாறு நிமிசம்னா ஊரு கிட்ட வந்தாச்சு. அங்க கல்லு லாரி திரும்புற எடத்துல ரோடு பேந்து கெடக்கும். பதினாலுலதான் எறக்கணும். குலுங்கினப்ப விட்டிருக்கு. அறுந்து போகல சார், ஒட்டிக்கிட்டு இருக்கு."

பிறகு நடந்தது எங்கள் வாசிப்புக் கூட்டங்களில் நிகழாத ஒரு கூட்டு வாசிப்பு. இணைப்பை மறுபடி மாட்டினார். எங்களில் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் மடிக்கணினியோடு. அவர் கம்பிக் கற்றையை ஓர் ஓரத்திலிருந்து விரல் விரலாக அசைத்துக்கொண்டே வந்தார். "இப்ப?" மைனஸ் 40. "இப்ப?" மைனஸ் 40. "இப்ப?" எண்பத்தாறு! "விட்டுட்டேன், இப்ப?" மைனஸ் 40. பேட்டரித் தட்டுக்குப் பின்னால் அவர் கை நின்றது. தட்டைக் கழற்றினோம். உள்ளே மக்காச்சோளச் சருகும் பஞ்சும் நூலும் சேர்த்துக் கட்டிய ஓர் எலிக்கூடு.

பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்திற்கும் பருத்திக்கும் பேர்போனது. அறுவடை முடிந்து கொல்லைகள் வெறுமையானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வருவது ஆண்டுதோறும் நடப்பது. இரவில் நிறுத்திய காரின் என்ஜின், குட்டி போட இளஞ்சூடான இடம். கம்பியின் உறை கடித்துக் குதறப்பட்டு, உள்ளே ஓரிரு செப்பு இழைகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. அவர் அந்த இடத்தை வெட்டி, புதுக் கம்பி வைத்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்து உறை போட்டார். எண்பத்தாறு வந்தது. நின்றது.

குறளின் மருந்து அதிகாரம் நோயை அறிவதையும் அதன் காரணத்தை அறிவதையும் வெவ்வேறு படிகளாகப் பிரித்து வைத்திருப்பதைப் பற்றி நாங்கள் மேடையிலேயே பேசியிருக்கிறோம். மேடையில் சொன்னது வாசலில் உதவவில்லை.

அவரிடம் ஏன் இப்படியொரு கருவி இல்லை என்று அப்புறம் யோசித்தோம். பொதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி இன்று மலிவு. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வைத்திருக்கும் குறியீடுகள், மின்சுற்று வரைபடங்கள், பழுதறியும் கருவிகள், பழுதுபார்க்கும் கையேடுகள் ஆகியவை நெடுங்காலம் வெளிப் பட்டறைகளுக்கு எட்டவில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் இதற்காகவே 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கருவிகளையும் கையேடுகளையும் வெளியாருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஆராயக் குழு அமைத்தது. அதன் பட்டியலில் செல்பேசிகளோடும் வேளாண் கருவிகளோடும் வாகனங்களும் இருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையவாசலும் திறக்கப்பட்டது. வேப்ப மரத்தடிக்கு இவை எதுவும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. புது வண்டிகள் அவருக்குப் பிடிபடவில்லை என்று டீக்கடையில் சொன்னோமே, அவர் படிக்க வேண்டிய புத்தகங்கள் பூட்டப்பட்ட அலமாரியில் இருந்தன என்பதை அன்று நாங்கள் சேர்த்துச் சொல்லவில்லை. புத்தகங்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே கூடுகிறவர்கள் நாங்கள்.

வேலை முடிந்ததும் கூலி கேட்டோம். "முந்நூறு" என்றார். இந்தமாதிரிச் சில்லறை வேலைகளுக்கு அவர் எங்களிடம் காசு வாங்கியதே இல்லை. "இருக்கட்டும் சார், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பதுதான் வழக்கம். அன்று எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தயாரித்துக்கொண்டு போயிருந்த வாக்கியத்தை எங்களில் ஒருவர் அப்போது சொன்னார். அவர் ஈயம் பற்றவைத்த கம்பியைக் குளிரவைத்துக்கொண்டு, "அது சரியாத்தான் சார் சொல்லியிருக்கு" என்று மடிக்கணினியைக் காட்டினார். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

மென்பொருளில் பழுதுப் பதிவை அழிக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் குறியீடு போய்விடும். மஞ்சள் விளக்கு அணைந்துவிடும். உறைந்த சட்டகமும் மறைந்துவிடும். ஆனால் இன்னொன்றும் நடக்கும். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததாக வைத்திருக்கும் குறிப்புகளும் சேர்ந்து அழிந்துவிடும். ஒவ்வொரு சோதனைக்கு எதிரிலும் 'முடியவில்லை' என்று காட்டும். குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்து, நகருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் பல முறை ஓட்டிய பிறகே அவை ஒன்றன்பின் ஒன்றாக 'முடிந்தது' என்று மாறும். அதுவரை, அண்மையில் எதுவோ அழிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்தவர் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் வண்டிக்கு அதற்கு இரண்டு வாரம் ஆயிற்று.

வாடகைக் கார் ஓட்டுநரைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். திருச்சியில் அவருக்கு இப்போது நல்ல இடம் அமைந்துவிட்டதாகவும் சொன்னார். அவர் வேப்ப மரத்தடிக்குத் திரும்பவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் மெக்கானிக்கிடமிருந்து தொலைபேசி வந்தது. யாருடைய வண்டியோ மஞ்சள் விளக்கோடு வந்திருக்கிறதாம். "சும்மா இருந்தா லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வாங்க சார்." மூவரும் போனோம். அரியலூர்க்காரர் பேருந்து பிடித்து வந்தார். இணைத்தோம். குறியீடு வந்தது, கீழே அதன் விளக்கமும் வந்தது. எங்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது எதனால் ஏற்படுகிறது என்றால் என்று தொடங்கினார்.

அவர் பானட்டுக்குள் குனிந்தபடியே கையை உயர்த்தினார்.

"அர்த்தம் வேணாம் சார். எழுதியிருக்கறதை மட்டும் ஒவ்வொரு எழுத்தா படிங்க."

படித்தோம்.